ஆறு மாதம் யாரும் தொடாத பக் டிக்கெட்டைத் தானாக மூடலாமா?

நிரல்நேசன்:
எங்கள் டிராக்கரில் (மென்பொருள் கோளாறுகளை, அதாவது பக்குகளை, ஒவ்வொன்றாக டிக்கெட் போட்டுப் பதியும் இடம்) திறந்து கிடக்கும் டிக்கெட்டுகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பாதிக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காதவை. ஆறு மாதம் அசைவே இல்லை என்றால் பாட் (தானியங்கி நிரல்) மூடிவிடட்டும் என்கிறேன். நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில், பழைய டிக்கெட்டுகளைத் தானாக மூடும் 'ஸ்டேல்' ஆக்‌ஷனில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 60 நாளில் பழையது என்று லேபிள் விழும், அடுத்த 7 நாளில் டிக்கெட் மூடப்படும். அதைப் பார்க்க ஆறு மாதம் தாராளம். ஆனால் டெஸ்டிங் குழு ஒரேயடியாக எதிர்க்கிறது.

சோதனைச்சாவடி:
எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? யாரும் தொடவில்லை என்றால் உங்கள் குழுவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். பக் போய்விட்டது என்று எப்படி ஆகும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த 'டர்ட்டி கவ்' என்ற பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கிறதா? 2016-ல் அதைச் சரிசெய்த கமிட்டிலேயே (நிரல் மாற்றத்தின் பதிவு) லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியிருந்தார்: 11 ஆண்டுக்கு முன்பே தான் ஒரு திருத்தம் போட்டதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் தொல்லை வந்ததால் அது விலக்கப்பட்டதாகவும். அன்றைக்கு ஏட்டளவில் மட்டும் இருந்த சிக்கல், இடையில் சுற்றியிருந்த நிரல் மாறியதால் எளிதாக வரவழைக்கக்கூடியதாகிவிட்டது. பக் அப்படியே இருந்தாலும் அதைச் சுற்றி எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

நிரல்நேசன்:
அது கெர்னல் சார். எங்களிடம் இருப்பதில் பெரும்பாலும் "சில நேரம் திரை உறைகிறது" ரகம். பதிப்பு எண் இல்லை, லாக் (நிரல் தானே எழுதும் செயல்பதிவு) இல்லை, என்ன செய்தபோது வந்தது என்றும் இல்லை. கேட்டால் பதிலும் வராது. அந்தத் திரையையே முழுதாகத் திருப்பி எழுதியாகிவிட்டது! எதை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் டிரையாஜ் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் எது எதன் டூப்ளிகேட் என்று தேடுவதிலேயே போகிறது.

பழையகோடு:
நீங்கள் இரண்டு வகையைப் போட்டுக் குழப்புகிறீர்கள். தகவல் கேட்டுப் பதில் வராத டிக்கெட்டை மூடுங்கள், யாரும் அழப்போவதில்லை. ஆனால் படிகள், லாக் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தவரின் டிக்கெட் டெவலப்பர் பக்கம் தூங்கினால், அதற்கும் அதே ஆறு மாதக் கணக்கா? 'தகவல் தேவை' நிலையில் இருக்கும்போது மட்டும் நாளை எண்ணுங்கள். பந்து உங்கள் பக்கம் இருக்கையில் எண்ணக்கூடாது. ஒருமுறை பாட் மூடிவிட்டால் அந்த ஆள் அடுத்த பக்கைப் பதியவே மாட்டார்.

நேர்வழி:
இத்தனை பஞ்சாயத்துக்கும் காரணம் டிராக்கர்தான். பக் கண்ணில் பட்டதும் சரிசெய்யுங்கள், இல்லையேல் செய்யமாட்டோம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். இடையில் சேமித்து வைக்க ஒரு கிடங்கு எதற்கு? பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் வாயால் சொன்னால் போதாதா?

சோதனைச்சாவடி:
போதாது. நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் தொலைந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் கொடுத்த அளவை, இன்னொன்று நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை. பாதைக் கணக்கு ஒத்துவரவில்லை என்ற கவலை வழிசெலுத்தும் குழுவில் முன்பே இருந்தது. ஆனால் கோளாறுகளைப் பதிய இருந்த முறைப்படி அதைப் பதியவில்லை என்று விசாரணைக் குழு குறை சொன்னது. வாயால் சொன்னது காற்றோடு போயிற்று.

நேர்வழி:
முறை இருந்தும் யாரும் பயன்படுத்தவில்லை என்றால் முறையில்தான் கோளாறு என்பேன். ஒரு பக்கைப் பதிய பதினைந்து கட்டாயப் புலங்கள் வைத்தால் யார் பதிவார்கள்?

பழையகோடு:
புலங்களைக் குறையுங்கள், அதற்காகப் பதிவையே ஒழிக்க வேண்டாம். (எதையும் மூட மனமில்லாமல் வைத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டுதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் முதலாம் எண் பக் என்ன தெரியுமா? மைக்ரோசாஃப்டுக்கே சந்தையில் பெரும்பங்கு இருக்கிறது என்பது. 2004-ல் திறந்தார்கள், 2013-ல்தான் மூடினார்கள்.)

நிரல்நேசன்:
சரி, டெஸ்டிங் குழு சொல்கிறபடி எதையும் மூடாமல் எல்லாவற்றுக்கும் நான்காம் பிரயாரிட்டி (கடைசி முன்னுரிமை) போட்டு வைக்கிறேன் என்று வையுங்கள். நான்கு என்றாலே என்றைக்கும் தொடமாட்டோம் என்பதை மரியாதையாகச் சொல்வதுதானே. மூடுவது அதைவிட நேர்மை இல்லையா?

சோதனைச்சாவடி:
நேர்மைதான், ஒரு மனிதர் மூடினால். 'சரிசெய்யப்போவதில்லை' என்று ஒருவர் தன் பெயரில் காரணம் எழுதி மூடினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நாளைக்கு வாடிக்கையாளரிடம் அதே கோளாறு வெடித்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். பாட்டிடம் போய் என்ன கேட்பது?

நிரல்நேசன்:
ஆயிரம் டிக்கெட்டுக்கும் காரணம் எழுத ஆளுக்கு எங்கே போவேன்? இப்போதைக்கு 'தகவல் தேவை' நிலையில் இருப்பவற்றுக்கு மட்டும் பாட்டை ஓட்டுகிறேன். மற்றவற்றையும் மூடவேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை.

சோதனைச்சாவடி:
ஓட்டுவதற்கு முன் டேட்டா இழப்பு, செக்யூரிட்டி சம்பந்தப்பட்டவற்றுக்குத் தனி லேபிள் போடுங்கள். நீங்கள் சொன்ன அந்த ஆக்‌ஷனிலேயே குறிப்பிட்ட லேபிள் உள்ளவற்றை விலக்கிவைக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலை டெஸ்டிங் குழுவே எடுத்துத் தரட்டும்.