ஹெடர் மாறாமலே எல்லாம் மறுபடி கம்பைல் ஆகிறது

கேள்வி:
எங்கள் சி++ புராஜெக்டில் பிழை எண்கள் ஒரு யாமல் கோப்பில் இருக்கின்றன. பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று அதைப் படித்து ஹெடர் எழுதும். யாமலில் வெறும் கமெண்டைத் திருத்தினாலும் அந்த ஹெடரைச் சேர்த்த அத்தனை கோப்பும் மறுபடி கம்பைல் ஆகிறது. பில்டுக்கு சிமேக், நிஞ்சாதான். என்ன வழி?

பதில்:
புதிதாக வருவதைப் பழைய ஹெடரோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் எழுதட்டும். கோப்பின் நேரம் மாறாவிட்டால் நிஞ்சா மேற்கொண்டு போகாது. அதற்கான ரீஸ்டாட்டை (கட்டளை ஓடியபின் கோப்பின் நேரத்தை மறுபடி பார்க்கச் சொல்லும் நிஞ்சா அமைப்பு) சிமேக்கே போட்டுத் தரும். ஹெடர் தலையில் 'உருவாக்கிய நேரம்' வருகிறதா? முதலில் அதைத் தூக்குங்கள்.

கேட்டவர்:
சரி, தூக்கியாச்சு. ஆனால் சில சமயம் வரிசை மாறி வருகிறது.

பதில்:
பைதான் செட்டில் சுற்றுகிறீர்கள் போல. அதன் வரிசை ஹாஷைப் (மதிப்பிலிருந்து கணக்கிடும் எண்) பொறுத்தது; பைதான் 3.3-இலிருந்து சரங்களின் ஹாஷ் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். சார்ட்டட் (sorted) போட்டு வரிசைப்படுத்துங்கள்.

இன்னொருவர்:
நிஞ்சாவுக்குப் பதில் மேக் (make) பயன்படுத்துபவர்களுக்கு: அங்கே ரீஸ்டாட் கிடையாது, ஸ்கிரிப்ட் கடைசியாக ஓடிய நேரத்தைக் குறிக்கத் தனியாக ஸ்டாம்ப் கோப்பு வேண்டும். ஜிசிசி கம்பைலரின் மேக்ஃபைலில் இந்த முறை அழகாக இருக்கிறது, படித்துப் பாருங்கள்.