கடல் அலையில் இவ்வளவு ஆற்றல் இருந்தும் அலை மின்சாரம் ஏன் பரவவில்லை?

நீலத்திரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் மரபுசாரா எரிசக்தி பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "காற்று நின்ற பிறகும் அலை அடித்துக்கொண்டுதானே இருக்கிறது? அப்படியானால் காற்றாலைக்கு முன்பே அலை மின்சாரம் வந்திருக்க வேண்டாமா?" என்று கேட்டாள். 1799-ஆம் ஆண்டிலேயே பாரிஸில் ழிரார் என்ற தந்தையும் மகனும் அலையால் இயங்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகு, அவள் கேள்வி எனக்கு இன்னும் வலுவாகத் தோன்றியது. செலவு அதிகம் என்று ஒற்றை வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் அலையில் உண்மையில் எவ்வளவு ஆற்றல் வருகிறது, அதை மின்சாரமாக்கும் வழியில் எந்த இடத்தில் சிக்கல் எழுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். நான் கேட்பது காற்றால் எழும் அலையைப் பற்றி மட்டுமே. நிலவின் ஈர்ப்பால் உண்டாகும் ஓதத்தைப் பற்றி அன்று.

பொறிவல்லான் எழுதியது:

ஐயா, உங்கள் மாணவியின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. முதலில் அளவைப் பார்ப்போம். ஆழ்கடலில் அலை உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை அலைக்காலத்தின் (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் நேரத்தின்) விநாடிகளால் பெருக்கி, இரண்டால் வகுத்தால், அலைமுகப்பின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் வரும் திறன் ஏறத்தாழ கிலோவாட்டில் கிடைத்துவிடும். 2 மீட்டர் உயரமும் 8 விநாடிக் காலமும் கொண்ட சாதாரணக் கடலுக்கு இது 16 கிலோவாட். அதே கடலில் புயல் எழுந்து உயரம் 10 மீட்டராகவும் காலம் 13 விநாடியாகவும் ஆகிவிட்டால் 650 கிலோவாட். அதாவது, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் 16 கிலோவாட்டை நம்பி வருமானம் பார்க்க வேண்டிய ஓர் எந்திரம், சில நாட்களுக்கு அதைப்போல் நாற்பது மடங்கைத் தாங்கி உயிர்பிழைக்க வேண்டும். இரும்பும் கான்கிரீட்டும் நங்கூரச் சங்கிலியும் புயலைக் கணக்கிட்டே வாங்கப்படுகின்றன. மின்சாரமோ சாதாரண நாளில்தான் விற்கப்படுகிறது. இத்துறையின் பொருளாதாரம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் சிக்கிக் கிடக்கிறது என்பது என் கருத்து.

அடுத்தது வேகம். 10 மீட்டர் விட்டமுள்ள உருளை மிதவை ஒன்று ஒரு மீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால், நீர் அதனை ஏறத்தாழ 80 டன் எடைக்கு ஈடான விசையோடு மேலே தள்ளும். ஆனால் அந்த 2 மீட்டர் அலையில் மிதவை ஏறி இறங்கும் சராசரி வேகம் விநாடிக்கு அரை மீட்டர்தான். விசை மிகப் பெரியது, வேகம் மிகச் சிறியது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜெனரேட்டரோ நிமிடத்திற்கு 1500 முறை ஒரே திசையில் சுழல வேண்டியது. மேலும், முகட்டிலும் பள்ளத்திலும் மிதவை ஒரு கணம் நின்று திரும்புவதால், நான்கு விநாடிக்கு ஒரு முறை திறன் பூச்சியத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் எழுகிறது. இந்தத் துடிப்பைச் சமப்படுத்தாமல் மின் கட்டமைப்போடு இணைக்க இயலாது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது காற்றை இடையில் வைப்பது. வகுப்பிலேயே இதைச் செய்து காட்டலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடியையும் கழற்றி, நிமிர்த்தியபடியே வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். வாய்ப்பகுதிக்கு மேலே உள்ளங்கையை வைத்தால், அமிழ்த்தும்போது காற்று கையில் அடிக்கும். உயர்த்தும்போது உள்ளே இழுக்கும். அகன்ற உடலில் மெதுவாக ஏறும் நீர், குறுகிய வாயில் காற்றை விரைந்தோடச் செய்கிறது. கியர் ஏதும் இல்லாமலே வேகம் கூடிவிடுகிறது. காற்று முன்னும் பின்னுமாக மாறி ஓடினாலும் ஒரே திசையில் சுழலும் விசையாழியை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் 1970-களில் வடிவமைத்தார். அதன் இதழ்கள் இருபுறமும் சமச்சீரானவை என்பதே அதன் சூட்சுமம். ஆனால் காற்றோட்டம் ஓர் அளவைத் தாண்டினால் இதழ்மேல் ஓட்டம் பிரிந்து திறன் சட்டென்று விழுந்துவிடும் என்ற குறையும் அதற்கு உண்டு.

கப்பல்பட்டறை எழுதியது:

பொறிவல்லான் அவர்கள் சொன்ன கணக்கோடு, கடல்நீர் செய்யும் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் பல ஆண்டுகள் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டு நீருக்கு வெளியே வந்து காயும்போதெல்லாம் அதன்மேல் உப்பு மெல்லிய வெண்படலமாகப் படியும்; தண்டு உள்ளே போகும்போது அந்தப் படிகம் ரப்பர் சீலை உப்புத்தாள்போல் தேய்க்கும். கையால் தடவினால் மட்டுமே தெரியும் கீறலாக அது தொடங்கி, சில மாதங்களில் எண்ணெய்க் கசிவில் போய் நிற்கும். அசையாமல் இருக்கும் பகுதிகளில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டும். 8 விநாடிக்கு ஒரு முறை அசையும் மூட்டு ஓராண்டில் ஏறத்தாழ 40 லட்சம் முறை அசைகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அலை நன்றாக அடிக்கும் இடத்தில்தான் இந்த எந்திரத்தை வைக்க வேண்டும். ஆனால் பழுது பார்க்கப் படகு அணுகுவதற்கு அலை அடங்க வேண்டும். கரையில் அரை நாளில் முடியும் வேலைக்குக் கடலில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

போர்ச்சுகலின் அகுசதூரா கடற்கரைக்கு அப்பால் 2008-இல் பெலாமிஸ் என்ற பாம்பு வடிவப் பொறிகள் மூன்று நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 750 கிலோவாட், மொத்தம் 2.25 மெகாவாட். கணுக்கள் வளையும்போது ஹைட்ராலிக் தண்டுகள் எண்ணெயைத் தள்ள, அழுத்தக்கலனில் சேர்ந்த எண்ணெய் ஜெனரேட்டரைச் சீராகச் சுழற்றியது. கருத்தளவில் அழகான அமைப்பு. ஆனால் மூட்டுகளின் பேரிங்கில் கோளாறு தோன்றியதாலும், அதே காலத்து நிதி நெருக்கடியில் முதலீட்டாளர் தள்ளாடியதாலும் சில மாதங்களிலேயே அவை துறைமுகத்திற்கு இழுத்து வரப்பட்டன.

நீலத்திரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாட்டில் சோதனையை நாளையே செய்யப்போகிறேன். ஒரு துணைக்கேள்வி: கடலுக்குள் போவதுதான் சிக்கல் என்றால், எந்திரத்தைக் கரையிலேயே வைத்துவிடக் கூடாதா?

திசைமானி எழுதியது:

வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். ஸ்பெயினின் முத்ரிகுவில் துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே, பொறிவல்லான் சொன்ன பாட்டில்போல் நீர் ஏறி இறங்கும் காற்றறைகளில் 16 விசையாழிகள் பொருத்தப்பட்டு, மொத்தம் 296 கிலோவாட் நிறுவுதிறனோடு 2011-இல் நிலையம் தொடங்கியது. எப்படியும் கட்ட வேண்டிய சுவர் என்பதால் கட்டுமானச் செலவின் பெரும்பகுதி மின்சாரத்தின் தலையில் விழவில்லை. கேபிளும் குறைவு, பழுது பார்ப்பவர் கதவைத் திறந்து நடந்தே உள்ளே போகலாம். நம் நாட்டிலும் விழிஞ்ஞத்தில் 1991-லேயே சென்னை ஐஐடி பொறியாளர்களின் முயற்சியால் 150 கிலோவாட் நிலையம் இதே காற்றறை முறையில் அமைந்தது.

ஆனால் கரை நெருங்க நெருங்க, அலை கடலடியில் உராய்ந்தும் உடைந்தும் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழந்தே வருகிறது. பாறை மேல் கட்டினாலும் புயல் விடுவதில்லை. நார்வேயின் தோஃப்தெஸ்தாலனில் 1985-இல் எழுந்த 500 கிலோவாட் நிலையத்தின் எஃகுக் கோபுரத்தை 1988 டிசம்பர்ப் புயல் அடித்தளத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. எனவே, அண்மைக்கால வடிவமைப்புகள் பெரும்புயலில் அலையோடு ஒத்திசையாமல் ஒதுங்கி நிற்கும்படி மிதவையைப் பழக்குவதில் கவனம் செலுத்துகின்றன. அந்த வழியில்தான் நம்பிக்கை இருப்பதாக நான் எண்ணுகிறேன்.

உங்கள் மாணவிக்கு இதையும் சொல்லுங்கள். அலை மின்சாரம் எங்கும் வெற்றி பெறவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட வேண்டாம். ஜப்பானின் யோஷியோ மசூதா, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவைகளுக்குள் சிறிய காற்று விசையாழியைப் பொருத்தினார். 1960-களிலிருந்து அத்தகைய மிதவைகள் வணிக முறையில் விற்பனையாகின. ஒரு விளக்கை எரிக்கச் சில பத்து வாட்டுகளே போதும். அந்த இடத்திற்கு வேறு மின்கம்பியும் கிடையாது. மிதவை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் நடுக்குழாயில் காற்று ஓடி, இரவு முழுவதும் விளக்கை எரிய வைத்தது.