அணில்கள் வீட்டுக்குள் மீண்டும் நுழையாதபடி நிரந்தரமாகத் தடுப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் வீட்டின் பொய்க்கூரைக்கு மேல் அணில்கள் குடியேறியுள்ளன. விடிந்ததும் ஓட்டமும் பிராண்டலும் கேட்கின்றன. இருட்டியபின் ஓசையே இல்லை. அந்துருண்டை, மீயொலிக் கருவி இரண்டும் பலன் தரவில்லை. கூரையோரத் துளையில் அடைத்த ஸ்ப்ரே ஃபோமையும் கடித்துத் துகளாக்கிவிட்டன. அவற்றைக் கொல்லாமல், இனி வரவே முடியாதபடி செய்ய வழி உண்டா?

பதில் 1:
பறக்கும் அணில்கள் நீங்கலாக மற்ற அணில்கள் பகலில் நடமாடுபவை. எனவே இது எலி அன்று, அணில்தான் என்று கொள்ளலாம். உள்ளே குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் எந்தத் துளையையும் அடைக்காதீர்கள். தாய் வெளியே சென்றிருக்கும்போது வழியை மூடினால், குட்டிகள் பட்டினியால் இறந்து நாற்றமெடுக்கும். தாயோ உள்ளே புகுவதற்காக மரச்சட்டம், ஓட்டின் அடிப்பகுதி எனப் பல் படும் இடத்தையெல்லாம் குதறிவிடும். குட்டிகள் பால்குடி மறந்து தாமாக வெளியே திரிய ஏறக்குறைய 10 வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருப்பதே நல்லது. விஷம் வைக்கும் யோசனையை யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். எட்டாத இடுக்கில் செத்துக் கிடக்கும் அணிலை எடுக்கக் கூரையையே பிரிக்க நேரிடும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அடைக்கும் பொருளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அணிலின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கொறிப்பதை அது நிறுத்தாது; ஃபோம், பிளாஸ்டிக், மரம் எதுவும் அதற்குத் தடையாகாது. துத்தநாகம் பூசிய உறுதியான இரும்புக் கம்பிவலையே வேண்டும். அதன் கண்கள் அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. சிறிய வகை அணில்களாக இருந்தால் கால் அங்குலக் கண்ணே பாதுகாப்பானது. மெல்லிய கோழிவலையை வளைத்துப் பிரித்துவிடும்.

துளையின் அளவுக்கே வலையை வெட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. நாற்புறமும் சில அங்குலம் கூடுதலாக விட்டு, அகன்ற வாஷர் வைத்துத் திருகாணியால் இறுக்கினால்தான் பல் நுழைத்து நெம்ப விளிம்பு கிடைக்காது. சுவரில் குழாய் நுழையும் இடங்களில் வலையைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் சிமெண்டுக் கலவை பூசுங்கள். காற்றோட்டத் துளைகளுக்கு வலை மட்டும் போதும். காற்றே புகாதபடி மூடிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி வேறு தொல்லை வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குட்டிகளும் இல்லை, பெரியவையும் வெளியேறிவிட்டன என்பதை எப்படி உறுதி செய்வது?

பதில் 3:
பகலில் கூரைக்குள் விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அசையாமல் இருங்கள். வெளிச்சம் கசியும் இடங்களெல்லாம் நுழைவழிகளாக இருக்கலாம். நார், பஞ்சு, காய்ந்த இலை சேர்ந்த கூடு தென்பட்டால் அதனுள் குட்டிகளின் மெல்லிய கீச்சொலி கேட்கிறதா என்று கவனியுங்கள். குட்டிகள் இல்லையென்றால், ஒரே ஒரு துளையை விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் வலையால் அடைத்து, எஞ்சிய துளையில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவைப் பொருத்துங்கள். உள்ளிருப்பவை போய்விடும், திரும்ப முடியாது. சில நாள்கள் ஓசையே கேட்கவில்லை என்றால், அந்தத் துளையின் உட்புறம் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள்கள் அது கலையாமல் இருந்தால் கதவை அகற்றிவிட்டு அங்கும் வலையை அடிக்கலாம். மழையும் கடுங்குளிரும் உள்ள நாள்களில் அணில் வெளியே வராமலே கிடக்கும் என்பதால் அந்த நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் 4:
கூரையைத் தொடும் கிளைகளைக் குறைந்தது 8 அடி தள்ளி வெட்டிவிடுங்கள். புதிய அணில்கள் வந்து துளை தேடுவது அதனால் பெருமளவு குறையும். பொய்க்கூரையை மூடுவதற்கு முன் மின்பணியாளர் ஒருவரை அழைத்து உள்ளே ஓடும் வயர்களைக் காட்டுங்கள். உறை கடிபட்டுச் செம்பு வெளியே தெரியும் வயர் தீவிபத்துக்கு வழிவகுக்கும். அதற்கு டேப் சுற்றிச் சமாளிக்காமல், அந்த வயரையே மாற்றிவிட வேண்டும்.