வாசனை மெழுகுவர்த்தி: குவளை ஒரு பக்கம் கறுக்கிறது, அணைத்தால் புகை. சோயாவுக்கு மாறினால் தீருமா?

கேள்வி:
கண்ணாடிக் குவளையில் வரும் வாசனை மெழுகுவர்த்தி, விட்டம் 8 செ.மீ., ஒற்றைத் திரி. படுக்கையறையில் மாலையில் ஐந்தாறு மணி நேரம் எரிகிறது, மின்விசிறி மெதுவாக ஓடும். குவளையின் ஒரு பக்கம் மட்டும் கரி படிகிறது. அணைத்தால் அறை முழுக்கப் புகை நாற்றம். பாரஃபினை விட்டு சோயா மெழுகுக்கு மாறினால் தீருமா? வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை உண்டு. குவளையில் எவ்வளவு மெழுகு மிஞ்சும்போது நிறுத்த வேண்டும்?

பதில் 1:
ஒரு பக்கம் மட்டும் கறுக்கிறது என்றால் மெழுகைக் குறை சொல்ல வேண்டாம், காற்றுதான் காரணம். சுடர் ஆடும்போது மெழுகு ஆவி முழுதாக எரியாமல் கரித்துகளாக வெளியேறி, காற்று தள்ளும் பக்கத்தில் ஒட்டுகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் காற்றுப் படாத இடத்துக்கு மாற்றுங்கள். திரைச்சீலை, காகிதம், துணி எதுவானாலும் 30 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். அலமாரித் தட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது.

அடுத்தது திரி. ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன், மெழுகு ஆறி இறுகியிருக்கும்போது, 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீளத் திரி அதிக மெழுகை உறிஞ்சும், அவ்வளவையும் எரிக்கச் சுடருக்கு ஆக்சிஜன் போதாது. திரிமுனையில் காளான் மாதிரி கரி திரண்டிருந்தால் அதுதான் அறிகுறி. ரொம்பக் குட்டையாக வெட்டினாலும் உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துபோகும். வெட்டிய துண்டையோ தீக்குச்சியையோ குவளைக்குள் விடாதீர்கள். மெழுகில் ஊறி அதுவே இன்னொரு திரியாகிவிடும்.

ஐந்தாறு மணி நேரம் அதிகம். 4 மணி நேரத்தில் அணைத்து, ஆறவிட்டு, திரியை வெட்டி மறுபடி ஏற்றலாம். புதுக் குவளையை முதல்முறை ஏற்றும்போது மட்டும் மேல்மெழுகு விளிம்புவரை உருகும்வரை விடுங்கள். விட்டத்தில் 2.5 செ.மீ.க்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு, உங்களுடையதற்கு மூன்று மணி நேரம் சொச்சம். பாதியில் அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, திரி அதற்குள் புதைந்துவிடும்.

பதில் 2:
சோயா என்றால் கரியே வராது என்பது விளம்பரப் பேச்சு. எந்த மெழுகும் சரியாக எரியாவிட்டால் கரி விடும். பெரும்பாலும் மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம் வாசனை எண்ணெய் இருக்கும், அது சோயாவிலும் உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனைகளில் உள்ள லிமோனின் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் ஃபார்மால்டிஹைடு வாயுவை உண்டாக்கும். நுண்துகள்களும் எந்த மெழுகுவர்த்தியிலிருந்தும் வரும். ஆரோக்கியமான ஆள் காற்றோட்டமுள்ள அறையில் எப்போதாவது ஏற்றினால் பயப்பட வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தை தூங்கும் அறை வேறு விஷயம்: அங்கே வாசனை மெழுகுவர்த்தியே வேண்டாம். கிளி, குருவி வளர்ப்பவர்களுக்கும் இதே பேச்சு.

பழைய சரக்கோ பெயர் தெரியாத சரக்கோ வைத்திருந்தால் திரியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே உலோகக் கம்பி இருந்தால் வெள்ளைத் தாளில் தேயுங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறம் விழுந்தால் ஈயமாக இருக்கலாம், தூக்கிப் போடுங்கள். ஈயத் திரியை அமெரிக்கா 2003இலேயே தடை செய்துவிட்டது. கோடு விழாத துத்தநாகக் கம்பி பிரச்சினையில்லை.

பதில் 3:
அடியில் 12 மி.மீ. மெழுகு இருக்கும்போதே நிறுத்துங்கள். வெப்பத்தை வாங்கிக்கொள்ள மெழுகு இல்லாவிட்டால் சூடு நேராகக் கண்ணாடி அடிக்குப் போய் விரிசல் விடும், கீழே உள்ள மேசையும் கருகும். கீறலோ வெடிப்போ விழுந்த குவளையில் ஏற்றவே வேண்டாம்.

அணைத்ததும் வரும் வெள்ளைப் புகை எரியாத மெழுகு ஆவி. ஊதினால் அது அறை முழுக்கப் பரவும், சூடான மெழுகும் தெறிக்கும். வளைந்த கம்பியால் திரியை உருகிய மெழுகில் ஒரு கணம் முக்கி நிமிர்த்தி விடுங்கள், புகை அநேகமாக வராது. உலோக மூடியால் மூடினாலும் சரி, மர மூடியும் பிளாஸ்டிக் மூடியும் கூடாது. மெழுகு இறுகும்வரை குவளையை நகர்த்தாதீர்கள்.

தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். தண்ணீர் மெழுகைவிடக் கனம், அடியில் இறங்கி ஒரே நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை மேலே வீசும். சூடான கண்ணாடியும் வெடிக்கும். மெழுகின் மேற்பரப்பு முழுக்கத் தீப் பிடித்தாலும் உலோக மூடியோ தட்டோ போட்டு மூடிவிட்டு, குவளையைத் தொடாமல் ஆறவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சுடரில்லாமல் மேலிருந்து விளக்கால் உருக்கும் வகை எப்படி?

பதில் 2:
தீ இல்லை, கரி இல்லை. வாசனை ஆவி இதிலும் வரும், அதனால் குழந்தை அறைக்கு அதுவும் வேண்டாம். வாசனை தீர்ந்துபோன மேல்மெழுகைத் துடைத்தெடுத்தால் அடியில் உள்ளது மறுபடி மணக்கும்.