வாசோட்டா: பாம்னோலி படகுக் கணக்கு

மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில், கோய்னா ஏரிக்கு அக்கரையில் இருக்கிற மலைக்கோட்டை வாசோட்டா; இக்கரையில் படகு ஏறுகிற ஊர் பாம்னோலி. அங்கே போய்வருவது பற்றி மும்பைக்காரர்கள் மூவர், அவரவர் பேட்டைப் பெயரில்.

செம்பூர்
அக்கரை ஊர்களுக்குப் படகு மட்டும்தான் வழி என்று சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தாது. காந்தாட்டிப் பள்ளத்தாக்கில் ஷிந்தி கிராமம் வரைக்கும் கொங்கண் கடலோரப் பக்கமிருந்து ரகுவீர் காட் என்ற மலைரோடு உண்டு. மழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும், அப்புறம் ஏரிக்கரை ஊரான தாபோளாவின் லாஞ்சுதான் (மோட்டார் படகு) கதி. வாசோட்டா அடிவாரத்து மேட் இந்தவளிக்கு, பாம்னோலியிலிருந்து போகிற நமக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. அங்கே இப்போது குடியிருப்பும் இல்லை, டீக்கடையும் இல்லை.

மாட்டுங்கா
நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். இருட்டுவதற்குள் பாம்னோலி திரும்பணும். படகு போக ஒன்றரை மணி, வர ஒன்றரை. ஏற இரண்டு, இரண்டரை, இறங்க ஒன்றரை. மேலே பாபு கடா என்ற செங்குத்துப் பாறை ஓரத்தில் நிற்க ஒரு மணி. ஆக எட்டு மணி நேரம். ஒன்பதுக்குள் படகு கிளம்பாவிட்டால் ஏரியோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

மும்பையில் ராத்திரி ஏறினால் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே சாத்தாராவில் இறக்கிவிடும். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே. காஸ் பீடபூமி வழியாக பாம்னோலி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் மலைரோடு. வண்டியை முன்னாலேயே பேசி வையுங்கள்.

வாடகை முழுப் படகுக்கு. இரண்டு பேர் போனாலும் அதே பணம், அதனால் கரையிலேயே துணைக்கு ஆள் சேர்ப்பது வழக்கம். காத்திருக்கும் நேரமும் சேர்த்தா என்று ஏறுமுன் கேளுங்கள்; தகராறு எல்லாம் அங்கேதான்.

தாராவி
மாட்டுங்கா சார் கணக்கில் வனத்துறை அனுமதி விட்டுப்போச்சு. அடையாள அட்டை நகல் ஆளுக்கொன்று. இது சஹ்யாத்ரி புலிகள் காப்பகம், ராத்திரி தங்க விடமாட்டார்கள். பிளாஸ்டிக்கை எண்ணி டெபாசிட் வாங்குவார்கள்; திரும்பும்போது ஒரு பாட்டில் குறைந்தாலும் பணம் போச்சு. புளிச்சோற்றை எவர்சில்வர் டப்பாவில் கட்டினால் எண்ண வேண்டிய வேலையே இல்லை. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். பணம் நோட்டாகவே இருக்கட்டும், போனில் சிக்னலை நம்பாதீர்கள்.

படகில் பைகள் நடுவில், தரையில். போட்டோவுக்காக எல்லாரும் ஒரே பக்கம் எழுந்தால் படகு சாயும். லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

செம்பூர்
மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், காலில் ஏறும் அட்டைப்பூச்சியும் அப்போதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி நல்லது. கோய்னா அணை நிரம்பினால் 105 டிஎம்சி. மின்சாரத்துக்குத் தண்ணீரை மேற்கே இறக்க இறக்க, மே மாதத்தில் ஏரி கரையை விட்டு விலகிவிடும். அப்போது படகுக்கும் தரைக்கும் நடுவே சேறு. மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும், காய்ந்துவிட்டது என்று கால் வைத்தால் அடியில் களி, முழங்கால்வரை இழுக்கும். படகுக்காரர் நடக்கிற தடத்திலேயே நடங்கள், ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.