தேய்ந்த ராணுவ ரைஃபிளுக்கு இன்றைய விலை கொடுக்கலாமா?

பழையபோல்ட் (டெக்சஸ்)

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேகரித்துவரும் நண்பர்கள் முன் என் கருத்தை வைக்கிறேன். இன்று சந்தைக்கு வரும் சர்ப்ளஸ் (ராணுவ உபரி) துப்பாக்கி தேய்ந்திருந்தாலும், அதன் உறுப்புகள் அசலாக இருந்தால், தயங்காமல் வாங்கிவிட வேண்டும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ராணுவ உபரி ஆயுதங்களின் இறக்குமதியைத் தடுத்தது. 1984இல் வந்த திருத்தம் அரும்பொருள் வகையில் சேரும் பழைய ரைஃபிள்களுக்கு மட்டும் வழிவிட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அந்த வழியே வந்து குவிந்த சரக்கைத்தான் இத்தனை காலமும் வாங்கித் தீர்த்திருக்கிறோம். காஸ்மோலின் என்னும் துருத்தடுப்புக் களிம்பு பூசி, பெட்டிக்கு 20 என்று அடுக்கி வந்த மோசின்-நகாந்த் 1891/30 ரைஃபிள், 2000களில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. இன்று 400 டாலருக்குள் நல்லது ஒன்று அமைவது அரிது.

அண்மை ஆண்டுகளில் பெரிய அளவில் வந்தவை எத்தியோப்பியாவின் ரைஃபிள்கள்தாம். இத்தாலியர் விட்டுச்சென்ற கர்க்கானோவும், பெல்ஜியம் செய்துகொடுத்த மவுசரும் அவற்றில் உண்டு. மரக்கட்டை வெடித்து, குழலின் உட்புறம் இருண்டு கிடக்கின்றன என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒரு நாடு பல தலைமுறைகளாகக் கைவிடாமல் பயன்படுத்திய ஆயுதம் வேறு எப்படி இருக்கும்? இதற்குப் பின்னால் இன்னொரு கிடங்கு திறக்கும் என்று நான் நம்பவில்லை.

துளைநோக்கி (ஒஹாயோ)

ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ரைஃபிள் என்பது முதலில் குறி தவறாமல் சுடுவதற்கான கருவி. அதைச் செய்த நாடுகளே அப்படித்தான் மதிப்பிட்டன. சுவீடன் தன் 6.5 மி.மீ. மவுசரின் பின்கட்டையில் ஒரு பித்தளை வட்டத்தைப் பதித்து, குழலின் உட்புறம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதிலேயே குறித்து வைத்தது. சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிள் ஏறத்தாழ 5,28,000 செய்யப்பட்டது. அதைப் பராமரித்த வீரரின் பெயர்ச்சீட்டு இன்றும் பின்தகட்டுக்கு அடியில் கிடைப்பதுண்டு. கட்டை அடிபட்டிருக்கும், குழல் பெரும்பாலும் கண்ணாடி போல் இருக்கும். நாம் நல்ல சர்ப்ளஸ் என்று சொல்லிவந்தது இதைத்தான்.

இருண்ட குழலை வரலாறு என்று சொல்லி விற்பது எனக்கு வருத்தம் தருகிறது. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (அடியில் உள்ள தீமூட்டும் பகுதி) எரிந்த பின் குழலில் உப்பு படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் இட்டிருந்தால் பல ரைஃபிள்கள் பிழைத்திருக்கும். குழலுக்குள் அரிக்கப்பட்ட சுருள்வரிகளில் நான் காண்பது கவனிப்பாரற்றுக் கிடந்ததன் தடயத்தைத்தான், போரின் தடயத்தை அல்ல. தட்டுப்பாடு என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு நல்ல ரைஃபிளின் விலையைக் கொடுத்தால், அடுத்த இறக்குமதியாளரும் அதே தரத்தைத்தான் கொண்டுவருவார்.

இருப்பு தீர்ந்துவிட்டது என்ற கூற்றும் முழுமையானதல்ல. கடல் கடந்து வருவதுதான் குறைந்திருக்கிறது. 1984க்குப் பிறகு வந்திறங்கிய லட்சக்கணக்கான ரைஃபிள்கள் இந்த நாட்டின் வீடுகளிலேயே இருக்கின்றன. அவற்றை வாங்கியவர்களுக்கு வயதாகிறது, குடும்பத்தினர் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காத்திருப்பவருக்கு அங்கே நல்லது கிடைக்கும்.

பதிவேடு (பென்சில்வேனியா)

துளைநோக்கி அவர்கள் வீட்டு இருப்பைப் பற்றிச் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சி அண்ட் ஆர் (அரும்பொருள் சேகரிப்பாளர்) உரிமம் வைத்திருக்கிறேன் என்பதால் ஏலப் பட்டியல்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் கட்டணத்தில் கூட்டரசு தரும் இந்த உரிமம் இருந்தால், 50 ஆண்டு கடந்த, மாற்றப்படாத ரைஃபிளை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வரவழைக்கலாம். வாங்கியதையும் விற்றதையும் பேரேட்டில் எழுதியாக வேண்டும்.

வீட்டிலிருந்து வருவதெல்லாம் நல்ல ரைஃபிள் அல்ல. 1950களிலும் 60களிலும் மலிவாகக் கிடைத்த மவுசர், என்ஃபீல்டு ரைஃபிள்களின் முன்கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து, வேட்டைத் துப்பாக்கியாக்கி வைத்தவர்கள் ஏராளம். போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பைக்குள் அடங்குவதற்காகக் கட்டையை இரண்டாக அறுத்ததும் உண்டு. அந்த அறுப்பு உலோகப் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும். ஏலப் புகைப்படத்தில் தெரியாது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இருப்பு தானாக மட்டும் வற்றவில்லை, அரசுகளின் முடிவுகளும் அதை வற்றச் செய்தன. 1994இல் சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு எஸ்கேஎஸ் ரைஃபிளின் வரத்து பெருமளவு நின்றது. உக்ரைன் கிடங்குகளில் இருந்த சிறு ஆயுதங்கள் பெரும் எண்ணிக்கையில் நேட்டோ நாடுகளின் நிதியுதவியுடன் அழிக்கப்பட்டன. 2013இல், அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுத்த ராணுவத் துப்பாக்கிகளைத் தனியார் திரும்பக் கொண்டுவர அனுமதிப்பதில்லை என்று அன்றைய அரசு அறிவித்தது. உலையில் உருகிய ரைஃபிள் எந்த ஏலத்துக்கும் வராது. இதை நினைத்தால் பழையபோல்ட் அவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது.

கிரீன்கார்டு (இல்லினாய்)

நான் புதியவன். கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதைவிட, தரம் பிரித்து விற்கும் சி.எம்.பி.யிடம் (பொதுமக்களுக்கான துப்பாக்கி சுடும் பயிற்சி அமைப்பு) அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்1 கேரண்ட் ரைஃபிள் வாங்குவது பாதுகாப்பானதல்லவா?

துளைநோக்கி

தம்பி, உங்கள் பெயரைப் பார்த்துச் சொல்கிறேன்: சி.எம்.பி.யிடம் வாங்க அமெரிக்கக் குடியுரிமைச் சான்று வேண்டும், நிரந்தரவாசி அட்டை போதாது. குடியுரிமை கிடைத்த பின் செல்லுங்கள். அதுவரை உங்கள் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம்.

குடியுரிமை உள்ளவர்களுக்கு அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ 54 லட்சம் கேரண்ட் செய்யப்பட்டன. பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்தவற்றில் பெருந்தொகை சில ஆண்டுகளுக்கு முன் திரும்பி வந்து சி.எம்.பி.யிடம் சேர்ந்தது. சர்வீஸ், ஃபீல்டு, ராக் என்று பிரித்து, குழலின் தேய்மானத்துக்கு இன்ன எல்லை என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். ராக் தரம் மோசமானதுதான், அது மோசம் என்பதை வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். எத்தியோப்பியச் சரக்கில் நான் கேட்பதும் அந்த அளவுக்கான தகவலைத்தான்.

பழையபோல்ட்

கேட்பது நியாயம். ஆனால் சேகரிப்பாளர்களின் இன்றைய மதிப்பீடு நிலையானது என்று எண்ண வேண்டாம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலை 1960களில் செய்த 2ஏ ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய .303 ரைஃபிளின் வடிவத்தில், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்காகப் புதிதாகச் செய்யப்பட்ட ரைஃபிள் அது. இங்கே வந்திறங்கியபோது, பிரிட்டிஷ் முத்திரை இல்லை, கட்டையின் குறுக்கே திருகு ஏறியிருக்கிறது என்று சொல்லி ஒதுக்கினார்கள். அன்று அள்ளி அடுக்கப்பட்டிருந்தது, இன்று தேடினாலும் எளிதில் அகப்படுவதில்லை. எத்தியோப்பியக் கட்டைகளில் அம்ஹாரிய எழுத்தில் செதுக்கியிருப்பதை இன்று தேய்த்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த எழுத்தைக் காப்பாற்றுவதற்காகவே நான் வாங்குகிறேன்.

துளைநோக்கி

இஷாப்பூர் ரைஃபிளின் குழல் நன்றாக இருந்தது. முகம் பார்த்து ஒதுக்கியவர்கள் தவறினார்கள். குழலைப் பார்த்து ஒதுக்குவது வேறு.

பதிவேடு

இருவரும் சந்தைக்கு வரும் ரைஃபிளைக் கூட்டமாகப் பார்க்கிறீர்கள், நான் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வேன். பின்லாந்தின் எம்39 நல்ல எடுத்துக்காட்டு. ரஷ்ய மோசினின் பழைய உடற்பகுதியை எடுத்துப் புதுக் குழலும் புதுக் கட்டையும் பொருத்தி பின்லாந்தினர் அதைச் செய்தார்கள். கட்டையைக் கழற்றினால், உடற்பகுதியின் வால்பகுதியில் அது முதலில் செய்யப்பட்ட ஆண்டு தெரியும். 1898 அல்லது அதற்கு முந்தையதாக இருந்தால், கூட்டரசுச் சட்டப்படி அது தொல்பொருள், உரிமத் தேவையே இல்லை. ஒரே விலைக்கு ஒரே மேசையில் கிடக்கும் இரண்டு எம்39களில் ஒன்று 1896ஆகவும் மற்றது 1915ஆகவும் இருக்கலாம். இவற்றைக் கேட்டறியாமல், தீர்ந்துபோகிறதே என்ற அச்சத்தில் பணம் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

துளைநோக்கி

அத்துடன் உடனடியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. எத்தியோப்பியச் சரக்கில் இத்தாலிய வெட்டர்லி 1870/87/15 ரைஃபிளும் வருகிறது. பழைய கரும்பொடி வெடிமருந்துக் காலத்து உடலில், முதல் உலகப் போரின் தட்டுப்பாட்டில் 6.5 மி.மீ. கர்க்கானோ தோட்டாவுக்கு மாற்றியமைக்கப்பட்டது அது. தோட்டா உள்ளே பொருந்துகிறது என்பதற்காக அதில் ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. அந்த அழுத்தத்துக்காக அந்த எஃகு செய்யப்படவில்லை. மற்ற எந்த ரைஃபிளானாலும், துப்பாக்கிச் சீர்செய்பவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை (போல்ட்டுக்கும் குழலில் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை) அளவி வைத்துப் பார்த்த பின்னரே முதல் தோட்டாவை ஏற்றுங்கள். பழையபோல்ட் அவர்களே, நீங்கள் வாங்கியவற்றில் வெட்டர்லி உள்ளதா?

பழையபோல்ட்

ஒன்று உள்ளது. சுட்டதில்லை, சுடவும் மாட்டேன். அதன் கட்டையில் இரண்டு வரி எழுத்து இருக்கிறது. அம்ஹாரியம் படிக்கத் தெரிந்தவர் யாரையேனும் அறிந்தால் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.