அவசரம்: ஃபிளாஷ் அடிக்க மாட்டேங்கு, எந்த ட்ரிகர் வாங்கலாம்? முட்டத்துல அவுட்டோர்

குருந்தன்கோட்டுக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஞாயித்துக்கிழமை மாமா மகளுக்க கல்யாணக் கெட்டு. சனி சாயங்காலம் முட்டம் கடற்கரையில அவுட்டோர் போட்டோ ஷூட். ஃபிளாஷை ஸ்டாண்டுல தள்ளி வச்சு எடுக்கணும். போன வாரம் ட்ரிகர் செட் (தள்ளி வச்ச ஃபிளாஷை கேமராவுல இருந்தே அடிக்க வைக்குகது) ஒண்ணு வாங்கினேன், அடிக்கவே மாட்டேங்கு. பேட்டரி புதுசு, சேனலும் ஒண்ணுதான். வேற நல்லது எது? கைல பைசா கொஞ்சம்தான் உண்டு.

தக்கலை லைட்:
என்ன கேமரா, என்ன ஃபிளாஷ் தம்பி? அதைச் சொல்லாம எதை வாங்கச் சொல்ல?

கடியபட்டணம்:
உப்புக்காத்துதான். எனக்க ஃபிளாஷுக்க கால்ல உள்ள பித்தளைப் புள்ளியில பச்சை பூத்துக் கிடந்துது. பென்சில் ரப்பரால பைய தேச்சேன், சரியாச்சு. நீயும் ஒருக்கா பாரு.

வேளிமலை:
ட்ரிகரே வேண்டாம். ஃபிளாஷை எஸ்2 மோடுல (வேற ஃபிளாஷைப் பாத்து அடிக்குக மோடு) வை, கேமராவுல உள்ள சின்ன ஃபிளாஷைத் தூக்கி அடி. அந்த வெளிச்சத்தைப் பாத்து இதுவும் அடிக்கும்.

தக்கலை லைட்:
மண்டபத்துக்குள்ள சரி. முட்டத்து வெயில்ல ஃபிளாஷுல உள்ள அந்த சென்சார் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ரேடியோ ட்ரிகர்தான் வேணும்.

பார்வதிபுரம் சீனியர்:
இருபது வருசமா கெட்டு எடுக்கேன். இப்ப உள்ள பிள்ளைங்க கேமரா வாங்கின மறுநாளே அவுட்டோர் பிடிக்கு. ஷட்டர் வேகத்தை 1/200 செகண்டுக்கு மேல ஏத்தியிருப்பே, அதான் அடிக்கல. அடிப்படையைப் படிச்சுட்டு வா.

தோவாளை:
அண்ணாச்சி, ஷட்டர் கூடினா படத்துல கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷ் அடிக்கத்தான் செய்யும். இவருக்கு அடிக்கவே இல்லியே. தம்பி, ட்ரிகர்ல டெஸ்ட் பட்டன் அமுக்கினா அடிக்குதா?

குருந்தன்கோட்டுக்காரன்:
டெஸ்ட் அமுக்கினா அடிக்கு. ஷட்டர் அமுக்கினா இல்ல. ஃபிளாஷை நேரா கேமரா மேல வச்சாலும் இல்ல. மச்சானுக்க பழைய 700டி-ல எல்லாம் அடிக்கு. எனக்கது கேனான் 200டி மார்க் 2, ஃபிளாஷ் கோடாக்ஸ் டிடி600.

தோவாளை:
இதை முதல்லே சொல்லியிருக்கலாம். ஹாட்ஷூவை (கேமரா மேல ஃபிளாஷ் மாட்டுக இடம்) டார்ச் அடிச்சுப் பாரு. மச்சானுக்க கேமராவுல நடுவுல பெரிய புள்ளி ஒண்ணு இருக்கும், உனக்கதுல இருக்காது. 2019-ல வந்த அந்த மாடல்ல நடுப்புள்ளி கிடையாது. 1500டி, 3000டி-லயும் அப்படித்தான். சாதா ட்ரிகரும் டிடி600-ம் அந்த ஒத்தப் புள்ளியை நம்பித்தான் அடிக்கு. உனக்க ட்ரிகர் கெட்டுப் போகல, கேமரா சொல்லுகது அதுக்குப் போய்ச் சேரல.

கேனான்கூட மத்த சின்னப் புள்ளிகள் வழியா பேசுகது வேணும். கோடாக்ஸ் எக்ஸ்2டி-சி ட்ரிகர் பாரு. டிடி600-க்குள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உண்டு, அதனால கேமரா மேல மாட்டுக இந்த டிரான்ஸ்மிட்டர் மட்டும் போதும். கடைசி எழுத்து சி-தானான்னு பாரு, என்-னா நிக்கான், எஸ்-னா சோனி. அதுக்குள்ள உள்ள சாஃப்ட்வேர் (ஃபர்ம்வேர்) புதுசா இருக்கணும். பைசா குடுக்க முன்னாடி உனக்க கேமராவுல மாட்டி அடிச்சுப் பாத்திரு.

வேளிமலை:
அதுல ஹைஸ்பீட் சிங்க்கும் உண்டு, ஷட்டரை 1/200-க்கு மேல ஏத்தினாலும் கறுப்புப் பட்டை விழாது. மூணு மணி வெயில்ல ஐஎஸ்ஓ 100, 1/200 வச்சா அப்பர்ச்சரை எஃப்11-க்குச் சுருக்கணும், பின்னாடி பாறையெல்லாம் துல்லியமா நிக்கும். ஹைஸ்பீட் போட்டா எஃப்2.8-ல திறந்து பின்னாடி மங்கலா எடுக்கலாம்.

பார்வதிபுரம் சீனியர்:
ஹைஸ்பீட்ல ஃபிளாஷுக்க பலம் பாதிக்கு மேல போயிரும். மூணு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டுல ஒண்ணாக் குறைக்குக கறுப்புக் கண்ணாடி) லென்சுல மாட்டு, 1/200-லயே எஃப்4 கிடைக்கும்.

வேளிமலை:
என்டி ஃபிளாஷ் வெளிச்சத்தையும்தானே குறைக்கு? ஒத்த டிடி600-ஐ வச்சு ரெண்டுலயும் கஷ்டம்தான். பக்கத்துல கொண்டு வைக்கணும்.

பார்வதிபுரம் சீனியர்:
என்டி வெயிலையும் ஃபிளாஷையும் ஒரே அளவுல குறைக்கும், அப்பர்ச்சர் திறந்ததுல ரெண்டும் திரும்பிக் கிடைக்கும். ஹைஸ்பீட்ல ஃபிளாஷ் மட்டும் சாவும். நான் இங்கயே எத்தனை வருசம் எடுத்திருக்கேன்.

கடியபட்டணம்:
சாயங்காலம்னு சொல்லுகாரு. ஆறு மணிக்கு வெயிலே கிடையாது, 1/200 போதும். காத்தை யோசிங்க. ஃபிளாஷுக்கு வெளிச்சக் குடையை மாட்டினா ஸ்டாண்டு பாறையில சாஞ்சு உடையும். அரிசிச் சாக்குல மணலை நிறைச்சு கால்ல கட்டணும், ஒரு ஆளும் பிடிக்கணும்.

குருந்தன்கோட்டுக்காரன்:
டார்ச் அடிச்சுப் பாத்தேன், நடுப்புள்ளி இல்ல. நாகர்கோவில்ல எக்ஸ்2டி-சி வாங்கியாச்சு, கடையில வச்சே அடிச்சுது. தோவாளை அண்ணே, நன்றி. ஸ்டாண்டு பிடிக்க மச்சான் வாரான்.

ஆரல்வாய்மொழி:
எனக்கது 3000டி. இவ்வளவு நாளும் ஃபிளாஷ் கெட்டுப்போச்சுன்னு பீரோவுல வச்சிருந்தேன். இப்பதான் எடுத்துப் பாக்கேன்.